ஓய்வு நாளும் கலியாண நாளும்



இன்றைக்கு ஞாயிறு. பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "தாத்தா, உங்களுக்குக் கலியாணம் நடந்தது என்ன தேதி? அந்தத் தேதியை யார் குறித்தார்கள்? ஏன் அந்த நாளைக் குறித்தார்கள்?" பாட்டனார் இல்லையானால் பாட்டியிடம் கேளுங்கள். பாட்டிகள் இந்த விஷயத்தை மறப்பதில்லை. தை அறுப்பு முடிந்த கையோடு என்பார்கள் சிலர். பாஸ்கு கழிந்த மறுநாள் என்பார்கள் சிலர். ஆலையில் வேலை பார்த்தவர்களின் வீடானால், ஜனவரி 26, அன்றைக்கு மில் லீவு என்று சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள். முந்தின தலைமுறைக்காரர் ஏன் இப்படி விடுமுறை நாளைத் தேடிக் கலியாணம் செய்தார்கள் என்பதைத்தான் இந்த வாரம் உங்களோடு சேர்ந்து தியானிக்க விரும்புகிறோம். கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் அதற்குள்ளே ஏழையின் கூலியும், திருச்சபையின் தாய்மனமும், நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் எதிர்காலமும் அடங்கியிருக்கின்றன.

இந்த வழக்கம் நம் ஊரில் மாத்திரம் இருந்ததல்ல. ஆலைத் தொழில் முதலில் பரவிய தேசம் இங்கிலாந்து என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்தத் தேசத்து ஏழைத் தொழிலாளர் அநேகர் கிறிஸ்துமஸ் தினத்திலும், அதற்கு மறுநாளிலும், ஈஸ்டர் திங்கட்கிழமையிலும் கோயிலுக்குப் போய் விவாகம் செய்துகொண்டார்கள். ஆண்டவர் பிறந்த நாளில் மணவறைக்கு வருவது பக்தி மிகுதியாலோ என்று நீங்கள் நினைக்கலாம். பக்தியும் இருந்திருக்கும். ஆனால் முதற்காரணம் கூலி. ஆலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. வேலை நாளில் கலியாணம் வைத்தால் மாப்பிள்ளைக்கு ஒரு நாள் கூலி போகும், பெண்ணுக்குப் போகும், சாட்சிக்கு வருகிற தோழனுக்கும் தோழிக்கும் போகும்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. காலை எட்டு மணிக்கும் நண்பகலுக்கும் இடையில்தான் விவாகம் நடக்கவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 1886-ஆம் வருஷத்தில்தான் அதைப் பிற்பகல் மூன்று மணி வரையில் நீட்டினார்கள். ஆகையால் வேலை முடிந்து சாயங்காலம் கோயிலுக்குப் போய்க் கலியாணம் முடித்துக்கொள்வோம் என்பதற்கும் இடமில்லை. ஆலை அடைத்திருக்கிற நாள் ஒன்றுதான் அவர்களுக்குச் சொந்தமான நாள். 1871-ஆம் வருஷத்தில் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தபோது ஈஸ்டர் திங்கள், பெந்தேகோஸ்தேத் திங்கள், ஆகஸ்டு மாதத்து முதல் திங்கள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆகியவை பொது விடுமுறைகளாயின. ஆனால் விடுமுறை நாளுக்கும் சம்பளம் என்ற சட்டம் அங்கே 1938-ஆம் வருஷம் வரையில் வரவில்லை. எப்படியும் கூலி கிடைக்காத நாளில் கலியாணத்தை வைத்துக்கொண்டால் கூடுதல் நஷ்டம் இல்லையே என்பது ஏழையின் கணக்கு. அந்தக் கணக்கைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பருத்தி ஆலைகள் நிறைந்த மாஞ்செஸ்டர் நகரத்தைப் பற்றி ஒரு வேடிக்கையான கதை உண்டு. அந்நகரத்து ஆங்கிலிக்கன் பெரிய கோயிலில் 1790 முதல் 1821 வரையில் ஜோஷுவா புரூக்ஸ் என்ற குருவானவர் இருந்தார். ஈஸ்டர் திங்களன்று ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு வரும். பல ஜோடிகளை ஒரே வரிசையாக நிறுத்தி ஒரே தரத்தில் சடங்கை முடித்துவிடுவாராம். ஒரு தரம் நெரிசலில் மாப்பிள்ளை ஒருவன், தன் பக்கத்தில் நிற்பது வேறொருவனுக்கு நிச்சயித்த பெண் என்று கூக்குரலிட்டானாம். குருவானவரோ, வெளியே போகும்போது அவரவர் ஜோடியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அடுத்த வரிசையைக் கூப்பிட்டாராம். இப்படி அவ்வூரார் சொல்லிச் சிரிப்பார்கள். நாமும் சிரிக்கலாம். ஆனால் சிரித்து முடித்தபின், வருஷத்தில் ஒரு நாள் கிடைத்தால் போதும் என்று விடியுமுன்னே வந்து கால்கடுக்க நின்ற அந்த ஏழை ஜனத்தை நினைத்துக்கொள்ளுவோம்.

இங்கே ஒரு கேள்வி எழும். ஆண்டவருக்குரிய திருநாளைத் தன் வீட்டு விசேஷத்துக்கு எடுத்துக்கொள்வது சரியா? யூதர்களுடைய பழைய சட்ட வழக்கம் இதைக் கூடாது என்றது. பண்டிகை வாரத்தில் பெண்கொள்ளக் கூடாது, ஒரு சந்தோஷத்தை மற்றொரு சந்தோஷத்தோடு கலக்கக் கூடாது என்று அவர்களுடைய வேதபாரகர் விதித்திருந்தார்கள். கன்னிப்பெண்ணின் விவாகத்துக்குப் புதன்கிழமையைக் குறித்தார்கள். அதற்கும் காரணம் வைத்திருந்தார்கள். ஓய்வுநாள் கழிந்தபின் மூன்று நாள் இருந்தால்தான் விருந்துக்கு வேண்டியதை அவதியில்லாமல் தயார் செய்யலாம் என்பது அக்காரணங்களில் ஒன்று. பாருங்கள், அங்கேயும் நாள் குறிக்கிறபோது சமையற்கட்டில் வேலை செய்கிறவர்களின் பாட்டை யாரோ நினைத்திருக்கிறார்கள்.

நம்முடைய தாயாகிய திருச்சபையும் இதே விவேகத்தோடு நடந்துகொண்டது. திரிதெந்தீன் பொதுச் சங்கம் 1563-ஆம் வருஷம் நவம்பர் 11-ம் நாள் இரண்டு காரியங்களை விதித்தது. முதலாவது, விவாகத்துக்கு முன் தொடர்ந்து வரும் மூன்று திருநாட்களில் கோயிலில் பகிரங்கமாக ஓலை வாசிக்கவேண்டும். இரண்டாவது, ஆகமன காலம் தொடங்கி மூன்று இராஜாக்கள் திருநாள் வரைக்கும், விபூதிப் புதன் தொடங்கிப் பாஸ்குவின் எட்டாம் நாள் வரைக்கும் ஆடம்பரமான கலியாணச் சடங்கு விலக்கப்பட்டது. 1917-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பு இந்தக் காலத்தைக் கொஞ்சம் குறைத்து, கிறிஸ்துமஸ் நாள் வரையிலும் பாஸ்கு ஞாயிறு வரையிலும் என்று ஆக்கியது. விலக்கப்பட்ட காலத்தில் கலியாணம் செய்யாதிருப்பதைத் திருச்சபைக் கட்டளைகளில் ஒன்றாகவே நம் பெரியோர் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தார்கள். ஆகவே கத்தோலிக்க ஏழைக்குத் திருநாள் அன்றைக்கே மணவறை கிடைக்காது. அவன் திருநாளைத் திருநாளாக ஆசரித்துவிட்டு, அதற்கு மறுநாள் கதவு திறக்கிறபோது உள்ளே நுழைந்தான். முதலில் ஆண்டவருடைய சந்தோஷம், அதன்பிறகு வீட்டுச் சந்தோஷம். அந்த ஒழுங்கு அழகான ஒழுங்கு.

இனி நம்முடைய வறட்டுச் சீமைக்கு வருவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் புன்செய் நிலம் எதை நம்பியிருக்கிறது என்று உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கிறது. குண்டாற்றில் தண்ணீர் வருகிற வருஷமும் உண்டு, மணல் மாத்திரம் கிடக்கிற வருஷமும் உண்டு. கரிசலில் ஈரம் இருக்கும்போது கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் போட்டவன், தை பிறந்து மாசிக்குள்தான் காசைக் கண்ணால் பார்ப்பான். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொல்வது அதனால்தான். கையில் தானியமும் காசும் இருக்கிற காலமே கலியாணக் காலம்.

ஆனால் கத்தோலிக்கச் சம்சாரிக்கு அங்கே ஒரு நெருக்கடி உண்டு. தைக்கு முன்னே ஆகமன காலம் அடைத்து நிற்கிறது. பின்னாலே தபசுகாலம் வந்துகொண்டிருக்கிறது. 1913-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் பாஸ்கு மார்ச்சு 23-ல் வந்தது. அப்படியானால் விபூதிப் புதன் பெப்ருவரி 5. பொங்கல் கழிந்து சம்பந்தம் பேசி முடித்தால், ஜனவரி 19, 26, பெப்ருவரி 2 ஆகிய மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசிக்கவேண்டும். மீதி இருப்பது பெப்ருவரி 3 திங்களும் 4 செவ்வாயும். இரண்டே நாள்! அதைத் தவறவிட்டால் பாஸ்குவுக்குப் பிறகுதான். அதற்குள் அறுத்த தானியம் கடன்காரன் வீட்டுக்குப் போயிருக்கும். அந்த நாட்களில் உபதேசியார்கள் பஞ்சாங்கத்தைவிடக் கோயில் காலண்டரை ஏன் கருத்தாய்ப் பார்த்தார்கள் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

சர்வேசுரன் குடியானவனுடைய கஷ்டத்தை அறியாதவர் அல்ல. இராயனாகிய கொன்ஸ்தந்தீன் 321-ஆம் வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக்கியபோது, நியாயஸ்தலங்களும் நகரத்தாரும் தொழில்செய்வோரும் ஓய்ந்திருக்கவேண்டும், ஆனால் நாட்டுப்புறத்தார் தங்கள் வயல்வேலையைச் செய்யலாம் என்று விதிவிலக்கு வைத்தார். விதைப்புக்கு ஏற்ற நாள் தவறினால் திரும்ப வராது என்பது அதற்குக் காரணம். ஈரம் யாருக்காகவும் காத்திராது என்பதை ரோமாபுரி இராயனும் அறிந்திருந்தார். மோயீசன் வழியாய்க் கொடுக்கப்பட்ட கட்டளையிலும், வீட்டு எஜமான் மாத்திரமல்ல, அவனுடைய வேலைக்காரனும் வேலைக்காரியும் அவனைப்போலவே இளைப்பாற வேண்டும் என்பதே ஓய்வுநாளுக்குக் காரணமாய்ச் சொல்லப்படுகிறது. ஓய்வு என்பது ஏழைக்குச் சர்வேசுரன் எழுதிக்கொடுத்த சொத்து. உலகத்தார் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதைத் திரும்ப மீட்க வெகுகாலம் ஆயிற்று.

நம் தேசத்தில் ஆலைத் தொழிலாளர் அனைவருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது 1891-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் வந்தது. அதே வருஷம் மே மாதம் 15-ம் நாள் பரிசுத்த பாப்பானவர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றிய தமது நிருபத்தை வெளியிட்டு, தொழிலாளிக்கு ஓய்வும், குடும்பத்தைக் காப்பாற்றப் போதுமான கூலியும் நியாயப்படி சேரவேண்டியவை என்று உலகத்துக்கு உணர்த்தினார். பின்பு நம் ராஜ்யத்தில் 1958-ஆம் வருஷத்துச் சட்டத்தால் குடியரசு நாள், சுதந்திர நாள் முதலியவைகளுக்கும் சில பண்டிகை நாட்களுக்கும் ஆலைத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு விடுமுறை கிடைத்தது. ஜனவரி 26 எப்போதும் தை மாதத்தில் வருகிறது, விபூதிப் புதனுக்கு முந்தியே வருகிறது. கூலியும் நஷ்டமில்லை, திருச்சபைக் கட்டளைக்கும் பழுதில்லை. அந்த நாளை விரும்பினவர்கள் புத்திசாலிகள்தான்! தறியில் உட்கார்ந்தவனுக்கு மாத்திரம் இந்தச் சலுகை எட்டவில்லை. நெய்த அளவுக்குத்தானே அவனுக்குக் கூலி. தறி நின்றால் அடுப்பும் நிற்கும். அருப்புக்கோட்டைத் தறிக்குடும்பங்கள் இதை நன்றாய் அறியும்.

நாள் குறிப்பதைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்திலே நடந்த ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தம் என்ற ஊரில் 1928-ஆம் வருஷம் மே மாதம் 28-ம் நாள் பெரியார் ஈ. வெ. ராமசாமி முதலாவது சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். சடங்கும் இல்லை, முகூர்த்தமும் இல்லை. இத்தகைய விவாகங்கள் 1967-ஆம் வருஷத்துச் சட்டத்தால் சட்டப்படி செல்லுபடியாயின. அவர்களுடைய கொள்கை வேறு, நம்முடைய விசுவாசம் வேறு. சர்வேசுரன் முன்னிலையில்லாத விவாகத்தை நாம் விரும்ப முடியாது. என்றாலும் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்று நம்மையும் குத்தவேண்டும். ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் பயப்படாதவர்கள் அவர்கள். சர்வேசுரனை நம்புகிறோம் என்று சொல்லிக்கொண்டு, குருவானவரிடம் வருவதற்கு முன்னே இரகசியமாய் ஜோசியரிடம் போய் வருகிற நம்மவரை என்ன சொல்வது? எல்லா நாளும் ஆண்டவர் உண்டாக்கின நாளே. கெட்ட நாள் என்று ஒன்று இருக்குமானால், பிறனைக் கஷ்டப்படுத்தி நாம் சந்தோஷப்படுகிற நாள்தான் கெட்ட நாள்.

பிரியமானவர்களே, நம் பாட்டன்மார் விடுமுறை நாளைத் தேடியதன் மூலமாய் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்: என் வீட்டுக் கலியாணத்தால் என் கூலியோ, என் உறவினன் கூலியோ, அயலான் கூலியோ நஷ்டப்படக் கூடாது. எளிமையான கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை நாளில் ஒரு கலியாணம். இருநூறு பேர் வருகிறார்கள். வந்தவர்கள் எல்லாரும் அன்றாடக் கூலிக்காரர். அந்தப் பந்தலின் கீழே இருநூறு நாள் கூலி உட்கார்ந்திருக்கிறது! அதற்குமேல் பஸ் செலவு. அதற்கும்மேல் மொய். நம் பக்கத்தில் மொய் என்பது வெறும் அன்பளிப்பு இல்லை, நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்யவேண்டிய கடன் என்பது உங்களுக்குத் தெரியும். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவன் ஒரு நாள் வேலையையும் விட்டு, கையில் இல்லாத மொய்க்கு வட்டிக்கு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான். அவன் முகத்தில் சிரிப்பு இருக்கிறது. உள்ளே கணக்கு ஓடுகிறது.

இப்போது காலம் மாறியிருக்கிறது. நம் பிள்ளைகள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் எல்லாரும் ஊருக்கு வந்து சேர ஞாயிறோ அரசாங்க விடுமுறையோ வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான காரணம்தான். கூட்டம் கூடி வாழ்த்துவது நல்லதே. 1983-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பில் பழைய விலக்கப்பட்ட காலம் இல்லை. ஆயினும் பெரிய வெள்ளியிலும் பெரிய சனியிலும் விவாகம் நடப்பதில்லை, தபசுகாலத்தின் அடக்கத்தையும் நாம் மதிக்கவேண்டும். பெரிய திருநாளில் மணவறைக்கு வருகிறவர்கள், அன்றைய பூசை அந்தத் திருநாளின் பூசையாகவே இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டன் காலத்து ஒழுங்கு அங்கே இன்னும் நிற்கிறது: முதலில் ஆண்டவருடைய சந்தோஷம்.

ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். அந்த நாளில் செலவு குறையவேண்டும் என்பதற்காக விடுமுறையைத் தேடினார்கள். இந்த நாளில் கூட்டம் பெருகவேண்டும், மண்டபம் நிறையவேண்டும், மொய் ஏறவேண்டும் என்பதற்காக விடுமுறையைத் தேடுகிறோமா? விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மாலை வரவேற்புக்கு ஒரு கடன், நகைக்கு ஒரு கடன், பந்திக்கு ஒரு கடன். ஒரே நாளில் முடிகிற விருந்துக்கு எத்தனை வருஷம் வட்டி கட்டுவது? பாட்டன் ஒரு நாள் கூலியை இழக்கப் பயந்தான். பேரன் பத்து வருஷக் கூலியை ஒரே நாளில் இழக்கிறான்.

இதில் மிகவும் வருத்தமான பங்கு நம் பெண்பிள்ளைகளுடையது. இந்த நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஒரு ஏற்பாடு நடந்தது. ஏழை வீட்டுப் பெண்ணை ஏறக்குறைய மூன்று வருஷம் ஆலை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, கடைசியில் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுப்பார்கள். அதைக் கலியாணச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை காட்டுவார்கள். சுமங்கலி என்ற மங்கலமான சொல்லை எதற்குப் பயன்படுத்தினார்கள் பாருங்கள்! இடையில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்த பிள்ளைக்கு அந்தத் தொகை கிடையாது என்று கைவிரித்த இடங்களும் உண்டு. வறட்டுச் சீமைப் பெண்கள்தான் இப்படிப்பட்ட வலைக்கு முதலில் அகப்படுவார்கள்.

ஆதியாகமத்தில் யாக்கோபு என்ன செய்தார்? இராக்கேலை அடைய லாபானிடத்தில் ஏழு வருஷம் ஊழியம் செய்தார். ஏமாற்றப்பட்டு, இன்னும் ஏழு வருஷம் செய்ய ஒப்புக்கொண்டார். அங்கே பெண்ணுக்காக மாப்பிள்ளை உழைத்தார். இங்கேயோ மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கவேண்டிய தொகைக்காகப் பெண்ணே ஆலையில் உழைக்கிறாள்! 1961-ஆம் வருஷத்துச் சட்டம் வரதட்சணையைக் குற்றம் என்றது. சட்டம் இருந்தும் கேட்கிற வாய் இருக்கிறது, கொடுக்கிற கை இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரே, உங்கள் மருமகள் கொண்டுவருகிற பவுனில் எத்தனை இரவு வேலை உருக்கி வார்க்கப்பட்டிருக்கிறது என்று ஒரு தரம் கேட்டுப் பார்த்தீர்களா? பெண்ணைப் பெற்றவர்களே, உங்கள் மகளின் இளமை மூன்று வருஷத்தைவிட ஊரார் மெச்சுகிற பந்தி பெரிதாகிவிட்டதா?

நம் ஆண்டவர் கானாவூர்க் கலியாணத்துக்குப் போனார். அந்த வீட்டார் ஏழைகள் என்றே தோன்றுகிறது, விருந்து நடுவிலே இரசம் தீர்ந்துபோயிற்று. அதை முதலில் கவனித்தவர்கள் தேவமாதா. ஊரார் வாயில் விழுந்து அந்தக் குடும்பம் வெட்கப்படக் கூடாதே என்று தம் குமாரனிடத்தில் சொன்னார்கள். நம் ஆண்டவர் செய்த முதற்புதுமை, ஒரு ஏழை வீட்டுக் கலியாணத்தில் தலைகுனிவு வராமல் காப்பாற்றினதுதான். அந்த வீட்டாரை அவர் கடன் வாங்கச் சொல்லவில்லை. உங்களிடம் இருக்கிற சாடிகளில் தண்ணீரை நிரப்புங்கள் என்ற கருத்தில்தான் கட்டளையிட்டார். இருக்கிறதைக் கொண்டு செய்தால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார். நம்முடைய கலியாணங்களில் இந்த விசுவாசம் எங்கே போயிற்று?

விவாகம் எவ்வளவு கனமானது என்பதை நமக்கு உணர்த்த ஓரியூர் மண்ணே போதும். அர்ச். அருளானந்தர் மறவர் சீமையில் வேதம் போதித்தார். அவரால் மனந்திரும்பிய தடியத்தேவர் என்ற பிரபு, ஒருவனுக்கு ஒருத்தி என்ற சத்தியத்தை ஏற்று, தம் மனைவிகளில் ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுக்காரி. அவள் முறையீட்டால் மூண்ட கோபம் 1693-ஆம் வருஷம் பெப்ருவரி 4-ம் நாள் அந்தக் குருவானவரின் தலையை வாங்கிற்று. மெய்விவாகத்தின் மகிமைக்காக ஒருவர் இரத்தம் சிந்தின சீமை இது. அவருடைய திருநாளும் நம் கலியாணக் காலமாகிய தையிலேதான் வருகிறது. அப்படிப்பட்ட தேவதிரவிய அநுமானத்தை மண்டபத்துக்கும் வாணவேடிக்கைக்கும் அடுத்தபடியாக வைக்கலாமா?

ஆகையால் இந்த வருஷம் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுகிற குடும்பங்களுக்குச் சில சொற்கள்.

நாள் குறிப்பதற்கு முன்னே பங்குக் குருவானவரிடம் வாருங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டுக் கோயிலுக்கு வராதீர்கள். ஓலை வாசிக்கிற மூன்று வாரமும் மணமக்கள் ஞானோபதேசம் படிக்கவும் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்யவும் ஏற்ற காலம்.

நாள் குறிக்கிறபோது, உங்கள் உறவில் மிகவும் ஏழை யார் என்று முதலில் யோசியுங்கள். அவனுக்குக் கூலி போகாத நாள் எது என்று கேளுங்கள். அந்த நாளையே குறியுங்கள். அதுவே சுப முகூர்த்தம்.

மொய் எழுத வருகிற ஏழையிடம், இந்த முறை ஆசீர்வாதம் போதும் என்று சொல்ல மனமுள்ளவர்கள் சொல்லுங்கள். சர்வேசுரனுடைய நோட்டில் அது எழுதப்படும்.

மகளைக் கலியாணச் செலவுக்காக ஆலை விடுதிக்கு அனுப்ப நினைக்கிற தாய் தகப்பன்மார் முதலில் எங்களிடம் வந்து பேசுங்கள். வரதட்சணை கேட்காத மாப்பிள்ளை வீடு இந்தப் பங்கில் ஒன்று இருந்தாலும், அந்த வீட்டுக் கலியாணத்தன்று கோயில் மணி கூடக் கொஞ்ச நேரம் ஒலிக்கட்டும்.

கலியாணம் முடிந்த பின்னும் நினைக்கவேண்டியது ஒன்று உண்டு. பழைய ஏற்பாட்டில், புதிதாய்ப் பெண்கொண்டவனை ஒரு வருஷம் யுத்தத்துக்கும் பொதுவேலைக்கும் அனுப்பலாகாது, அவன் தன் வீட்டில் மனைவியைச் சந்தோஷப்படுத்திக்கொண்டு இருக்கட்டும் என்று விதி இருந்தது. கலியாணக் கடனை அடைக்க மாப்பிள்ளை மூன்றாம் நாளே பஸ் ஏறுகிறான், பெண் மாமியார் வீட்டில் தனியே கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். இந்தக் காட்சியை நாம் எத்தனை வீட்டில் பார்க்கிறோம்! கடனில்லாத கலியாணம் செய்து வைத்தால், அந்த இளம் குடும்பத்துக்கு ஒரு வருஷ ஓய்வை நீங்கள் சீதனமாகக் கொடுத்தவர்கள் ஆவீர்கள். அதைவிடப் பெரிய சீதனம் எது?

விவாகம் ஆயிரம் காலத்துப் பயிர் என்பார்கள். பயிருக்கு மழையும் வேண்டும், ஏற்ற காலமும் வேண்டும். களை எடுப்பதும் வேண்டும். கூலிக்காரரான நம் பாட்டனும் பாட்டியும் ஒரு ஓய்வு நாளில், கைத்தறிச் சேலையும் வேட்டியுமாய், பீடத்தின் முன்னே நின்று கொடுத்த வாக்கை மரணபரியந்தம் காப்பாற்றினார்கள். அவர்கள் விருந்தில் என்ன பரிமாறினார்கள் என்று இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை. அவர்கள் கொடுத்த வாக்கின் பலனாக நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

திருக்குடும்பத்தின் தலைவராகிய அர்ச். சூசையப்பர் தச்சுவேலை செய்து கூலி வாங்கினவர். அவருடைய மன்றாட்டினாலே, கூலிக்காரரான நம் குடும்பங்களில் விவாகத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைகளையும், அவர்களுக்காகக் கவலைப்படுகிற தாய் தகப்பன்மாரையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. சேசு, மரி, சூசை என்ற மூன்று திருநாமங்களும் உங்கள் வீட்டு நிலைக்கதவில் மாத்திரமல்ல, உங்கள் கலியாணக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலும் இருக்கக்கடவது.

ஆமென்.